புண் நீக்க நிலையம்

பிரேக் மாஸ்டருக்குப் பயம்தான் பிழைப்பு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவருக்கு வேலை. கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கனவு காண்பார்கள். பக்கத்து இருக்கையில் இவர் பயந்துகொண்டிருப்பார். இவர் கையில் ஒன்றும் கிடையாது. காலடியில் மட்டும் தனியாக ஒரு பிரேக். எதிரே லாரி வந்தால், சைக்கிளில் யாராவது குறுக்கே விழுந்தால், கற்றுக்கொள்பவர் கண்ணை மூடிக்கொண்டு அலறினால், இவர் வலது காலை ஓங்கி மிதிப்பார். அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு முழுசாக நடமாடுகிறார்கள் என்றால் அந்த வலது காலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். யாரும் சொன்னதில்லை, அது வேறு கதை.

அந்தக் காலில்தான் வந்தது வினை. சர்க்கரை பல வருஷமாக உடம்பில் குடியிருந்தது. வாடகை தராத குடித்தனம் மாதிரி சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பாதத்தின் உணர்ச்சியை மெல்லத் தின்றிருக்கிறது. ஒரு சாயங்காலம் வீட்டில் ஷூவைக் கழற்றினார்.

"என்னங்க, சாயம் போற சாக்ஸா பார்த்து வாங்கினீங்களா?" என்றாள் மனைவி.

சாயம் இல்லை, ரத்தம். ஷூவைக் கவிழ்த்ததும் காரிலிருந்து கழன்ற ஒரு சின்னத் திருகாணி 'டிங்' என்று தரையில் விழுந்தது. பெருவிரலுக்குக் கீழே, பிரேக்கை மிதிக்கும் அதே மேட்டில், பள்ளம் விழுந்திருந்தது. காலையிலிருந்து அந்தத் திருகாணியின் மேல்தான் நின்றிருக்கிறார், நடந்திருக்கிறார், பிரேக் போட்டிருக்கிறார். ஒன்றுமே தெரியவில்லை. வலித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

பக்கத்துத் தெரு டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புண்ணைச் சுத்தம் பண்ணணும். காலை ஊனவே கூடாது. வெறுங்காலோட ஒரு அடிகூட வைக்காதீங்க. சர்க்கரையைக் குறைக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. கெட்டுப்போன சதையை மட்டும் கொஞ்சம் வெட்டி எடுப்பாங்க, அவ்வளவுதான்."

இத்தனை வார்த்தைகளில் மாஸ்டரின் காதில் ஏறியது ஒன்றே ஒன்று. வெட்டி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த மைத்துனன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். "மாமா, இதுக்கா இப்படி வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கீங்க? இலை ஆபீஸ் இருக்கும்போது என்ன கவலை? கத்தி கிடையாது, ஊசி கிடையாது. வெறும் பச்சிலை. நூத்துக்கு நூறு பேருக்கு நீங்கியிருக்கு. ஒருத்தர்கூடத் தப்பல!"

மனைவி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஊரில் உள்ள அத்தனை அலுவலகக் காகிதமும் அவள் கைபட்டுத்தான் போகும். "நூத்துக்கு நூறுன்னு யாராவது சொன்னாலே நான் நம்ப மாட்டேன். ஒரிஜினல்லயே ஒரு ஓரம் மங்கித்தான் இருக்கும்" என்றாள்.

ஆனால் மைத்துனன் ஒற்றைக்காலில் நின்றான். மாஸ்டருக்கோ கத்தி இல்லை என்ற சொல்லே பாதி மருந்தாக இறங்கிவிட்டது.

இலை ஆபீஸ் என்பது ஊரார் வைத்த பெயர். வாசல் பலகையில் 'இலைவழிப் புண் நீக்க உயர் ஆய்வு நிலையம்' என்று எழுதியிருந்தது. கேட்டில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

"செருப்பைக் கழட்டுங்க."

"ஐயா, வெறுங்காலோட ஒரு அடிகூட வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அது உங்க காலுக்கு. இது எங்க செடிக்கு. செருப்புல வர்ற கிருமி செடிக்கு ஆகாதுங்க."

"இது கால் புண்ணுக்கு வைத்தியம் பார்க்கிற இடம்தானே?"

"ஆமா. அதனாலதான் செடி மேல இவ்வளவு அக்கறை."

உள்ளே கட்டிடம்வரை கூழாங்கல் போட்ட பாதை. மழைநீர் செடிகளுக்கு இறங்க வேண்டுமாம், அதனால் சிமெண்ட் போடவில்லை. பாதை முழுக்க மனிதர்கள், காலில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வெறுங்காலில் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார்.

"கல்லு குத்துதா?" என்று காவலாளி கேட்டார்.

"தெரியலையே."

"அப்புறம் என்ன? இங்க வர்ற யாருக்குமே தெரியாது. இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல."

நோயாளிகள் காத்திருக்கத் தகரக் கொட்டகை. எதிரே கண்ணாடி போட்ட குளிரூட்டிய அறை. அது இலைக்கு. மாஸ்டர் ஒரு பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் மணி அடித்தது. "எல்லாரும் எழுந்து நில்லுங்க. இலை வருது!"

புண்பட்ட கால்களெல்லாம் விழுந்தடித்து எழுந்தன. கண்ணாடிக் கதவு திறந்தது. சக்கர நாற்காலி ஒன்று மெல்ல உருண்டு வந்தது. அதில் ஈரத்துணி போர்த்திய தட்டில் ஒரு கைப்பிடி இலை. பின்னால் ஒருவர் குடை பிடித்து வந்தார். நிலையத்தில் இருந்த ஒரே சக்கர நாற்காலி அதுதான் என்பது மாஸ்டருக்குப் பிறகு தெரியவந்தது. நடக்கவே முடியாத கிழவர் ஒருவர் அதைக் கேட்டுப் பார்த்தாராம். குலுங்கினால் இலையின் சத்து கலங்கிவிடும், உங்களுக்குக் கலங்க என்ன இருக்கிறது என்று பதில் வந்ததாம்.

கட்டுப் போடுகிற அம்மா வந்தார். கையுறை, முகமூடி, தலைக்கு உறை. முதலில் இலைக்குக் காய்ச்சல் பார்த்தார். இலையை அரைத்தார். பிறகு மாஸ்டரின் காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தடவித் தடவிப் பசையை அப்பிக் கட்டினார்.

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மா, புண்ணைப் பார்க்கலையே நீங்க?"

"பார்க்கக் கூடாது. பார்த்தா ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்தா ஆராய்ச்சி கெட்டுடும்."

"அப்ப யாருதான் பார்ப்பாங்க?"

"யாரும் பார்க்கக் கூடாதுங்கிறதுதான் முறை."

"சரி, இது என்ன இலைன்னாவது சொல்லுங்களேன்."

"உங்களுக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது. ரெண்டு பக்கமும் கண்ணைக் கட்டின ஆராய்ச்சி இது" என்று பெருமையாகச் சொன்னார். கண்ணைக் கட்டிக்கொண்டு காரோட்டுகிறவனின் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி மாஸ்டருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இயக்குநர் வரவேற்புரை ஆற்றுவது வழக்கம். கூடத்தின் சுவர் நிறையப் போட்டோக்கள். எல்லாம் புண் நீங்கியவர்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மார்புவரை எடுத்த படங்கள். இயக்குநர் பச்சைச் சால்வையைச் சரிசெய்துகொண்டு மைக்கைத் தட்டினார்.

"உலகத்துல எத்தனையோ ஆராய்ச்சி நிலையம் இருக்கு. தோல்வியே காணாத நிலையம் நம்மது ஒண்ணுதான். எப்படி? துல்லியம்! ஆரம்பத்துல நாங்களும் எல்லாரையும் போல 'புண் ஆறியது'ன்னுதான் சொல்லிட்டிருந்தோம். பாதிப் பேருக்கு ஆறலைன்னு கணக்கு வந்துச்சு. எனக்குத் தூக்கமே போச்சு. இலை நல்ல இலை. ஆராய்ச்சியாளர்கள் நல்லவங்க. அப்ப தப்பு எங்க? யோசிச்சேன். வார்த்தையில! ஆறியதுன்னா என்ன? டீயும் ஆறும், கோபமும் ஆறும். விஞ்ஞானத்துல இப்படி வழவழன்னு ஒரு வார்த்தை இருக்கலாமா? சொல்லாய்வுக் குழு போட்டேன். குழு உட்கார்ந்து, பல கூட்டம் நடத்தி, 'நீங்கியது'ன்னு ஒரு சொல்லைக் கண்டுபிடிச்சுது. புண் இருக்கா, இல்லையா? இருந்தா நீங்கல. இல்லைன்னா நீங்குச்சு. அந்த வார்த்தை வந்த நாள்லேருந்து நூத்துக்கு நூறு. இலையை நாங்க மாத்தவே இல்ல!"

ஒரே கைதட்டல். மாஸ்டரும் தட்டினார். தட்டாமல் இருக்கப் பயமாக இருந்தது.

"உங்க எல்லாரையும் சொந்தக் காலில் நிற்க வைக்கிறதுதான் எங்க லட்சியம். கவனிங்க, காலில்னுதான் சொன்னேன். கால்களில்னு நான் என்னைக்குமே வாக்குக் கொடுத்ததில்ல" என்று முடித்தார் இயக்குநர். பேச்சு அழகுக்காகச் சொல்கிறார் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

அந்த வாரமே மாஸ்டருக்கு முதல் வெற்றி கிடைத்தது. இளம் ஆய்வாளர் ஒருவர் வந்து, "வலி இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. ஆனா அது முதல்லேயே..."

"வலி நீங்கியது!" என்று ஆய்வாளர் உரக்கக் கூவினார். கொட்டகை முழுக்கக் கைதட்டியது. யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். "அது திருகாணி குத்தினபோதே வலிக்கலைங்க. வலிக்காததுதான் என் வியாதியே" என்று மாஸ்டர் சொன்னது கைதட்டலில் அமுங்கிப்போனது.

வீட்டில் தினமும் சாயங்காலம் மனைவி கட்டைப் பிரித்துப் பார்ப்பாள். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் போனில் படம் எடுத்து, கடைக்குப் போனதும் காகிதத்தில் அச்சுப் போட்டு வரிசையாக வைத்தாள். முதலில் மிளகு அளவு. பிறகு பட்டாணி. பிறகு அவள் எதனோடும் ஒப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள்.

"பெரிசாகுதுங்க."

"இலை வேலை செய்யும்போது முதல்ல கொஞ்சம் பெரிசாகுமாம். மாப்ள சொன்னான்."

"அவன் சொல்லுவான். அவன் கால் ரெண்டும் நல்லா இருக்கில்ல?"

அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு மாஸ்டர் நிலையத்துக்குப் போனார். படத்தைப் பார்த்ததும் கட்டுப் போடும் அம்மா அலறி முகத்தை மூடிக்கொண்டார். அபிப்பிராயம் வந்துவிட்டதாம். அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு வேறோர் அம்மா வந்து கட்டினார்.

ஆனாலும் விஷயம் மேலே போய்விட்டது. புண் பெரிதானதால் எல்லைத் தகராறு கிளம்பியது. நிலையத்தில் மருந்து பூசுவதற்கு மூன்று துறைகள். கால்விரல்கள் செடியின் நுனி மாதிரி, ஆகவே இலைத் துறைக்குச் சொந்தம். குதிகால் அடியில் இருப்பது, ஆகவே வேர்த் துறை. நடுப்பாதம் தண்டுத் துறை. மாஸ்டரின் புண் விரலடியில் தொடங்கி நடுப்பாதத்துக்குள் கால் வைத்துவிட்டது. தண்டுத் துறைத் தலைவர் கொதித்தெழுந்தார்.

"எங்க எல்லைக்குள்ள இலையைப் பூச இவங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நாளைக்கு எங்க தண்டுச் சாறை நாங்க எங்க பூசுறது? புண்ணு எங்களை நோக்கி வருது. அது எங்களை விரும்புது!"

இலைத் துறைத் தலைவரும் விடவில்லை. "புண்ணு எங்ககிட்டதான் பிறந்துச்சு. வளர்ந்தா வளர்ந்த இடம் வரைக்கும் எங்களுக்குச் சொந்தம்."

"அப்படியே வளரட்டும். எங்ககிட்ட வரும்போது பேசிக்கலாம்" என்றார் இதுவரை வாயே திறக்காத வேர்த் துறைத் தலைவர். அவர் நிதானமானவர், காத்திருக்கத் தெரிந்தவர்.

மேசைமேல் மாஸ்டரின் கால் நீட்டியபடி இருந்தது. பாதத்தின் மேற்புறத்தில் பச்சை மையால் எல்லைக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இலை, அந்தப் பக்கம் தண்டு. முடிவு வரும்வரை இரண்டு பக்கமும் எதுவும் பூசக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. கட்டும் போடாமல், வெறுங்காலோடு, கூழாங்கல் பாதையில் மாஸ்டர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். தன் காலைப் பற்றி இத்தனை பேர் பேசினார்களே, ஒருவர்கூடத் தன்னைக் கேட்கவில்லையே என்று அவருக்கு அழுகை முட்டியது.

பிறகு நாற்றம் வந்தது. வீட்டில் மனைவி ஜன்னலைத் திறந்து வைத்தாள். நிலையத்தில் மணத் துறையிலிருந்து ஒருவர் வந்து, எட்ட நின்று முகர்ந்துவிட்டு, "மூலிகை மணம். வலுவா இருக்கு. நல்ல அறிகுறி" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

அன்றைக்குத்தான் கூடத்தில் ஒரு முடிதிருத்துபவரைச் சந்தித்தார். ஊன்றுகோல்களில் தொங்கியபடி ஒருவர் சுவரில் ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் இருந்த சிரித்த முகமும் அவர் முகமும் ஒன்றே.

"இது நீங்கதானே? உங்களுக்கும் நீங்கிடுச்சா?" என்று மாஸ்டர் ஆசையாகக் கேட்டார்.

"நீங்கிடுச்சு."

மாஸ்டரின் பார்வை தானாகக் கீழே இறங்கியது. பேண்டின் ஒரு கால் முழங்காலுக்கு மேல் மடித்துப் பின் குத்தியிருந்தது.

"கால்...?"

"புண்ணு நீங்கும்போது அதுவும் கூடவே போயிடுச்சு."

"இங்கதான் கத்தியே கிடையாதுன்னாங்களே!"

"இங்க கிடையாதுதான். பொய் சொல்லக் கூடாது. காய்ச்சல் வந்து நினைவு தப்பிச்சுன்னா இவங்களே வண்டி வெச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. அங்க எடுத்துடுவாங்க. திரும்பி வந்தா இவங்க கேட்பாங்க, புண்ணு இருக்கான்னு. எங்க இருக்கும்? உடனே கைதட்டு, சால்வை, போட்டோ. மார்பு வரைக்கும்."

"எல்லாருக்குமேவா இப்படி?"

"இல்ல இல்ல. சிலருக்கு நிஜமாவே ஆறியிருக்கு. இலையா, உடம்பா, வீட்டுல பார்த்துக்கிட்டதா, யாருக்குத் தெரியும்? அவங்க படமும் இங்கதான் இருக்கு. எல்லாரையும் ஒரே அளவுல வெட்டி மாட்டிட்டாங்க. எது யாருன்னு இப்ப இவங்களுக்கே தெரியாது." முடிதிருத்துபவர் கொஞ்சம் சிரித்தார். "நான் முன்னாடி தலையைச் சுத்திச் சுத்தி வந்து வெட்டுவேன். இப்ப ஸ்டூல்ல உட்கார்ந்துக்கிறேன். தலைதான் என்னைச் சுத்தி வரணும்."

மாஸ்டர் அந்தச் சுவரைப் பார்த்தார். அத்தனை சிரிப்பும் அப்படியே இருந்தது. மார்புக்குக் கீழே என்ன என்று ஒவ்வொரு படமாக எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். பிரேக்கை மிதிக்கும் கால். அது இல்லாவிட்டால் யார் அவரைப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள்? அந்த வேலையைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்?

நேராக இயக்குநர் அறைக்கு நொண்டிக்கொண்டே போனார். கதவைத் தட்டவும் மறந்துவிட்டார்.

"சார், கால் போனா அது எப்படி சார் குணம்?"

இயக்குநருக்குக் கோபம் வரவில்லை. பெரிய மனிதர்களுக்குச் சின்ன ஆட்களிடம் கோபம் வராது, இரக்கம்தான் வரும். "உட்காருங்க. நம்ம நிலையத்தோட பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

"இலைவழிப் புண் நீக்க உயர்..."

"போதும். இதுல கால்ங்கிற வார்த்தை எங்கயாவது வருதா? வராது. நாங்க புண்ணுக்குத்தான் பொறுப்பு. காலுக்கு வேற துறை இருக்கும். இருக்கணும். இல்லைன்னா அது அரசாங்கத்தோட குறை. ஒண்ணு புரிஞ்சுக்குங்க, எங்க பக்கம் நாங்க எல்லாமே சரியாப் பண்ணியிருக்கோம். இலை நல்ல இலை. கட்டு நல்ல கட்டு. இதுக்கப்புறமும் ஆறலைன்னா உங்க கால் எங்களோட ஒத்துழைக்கலைன்னு அர்த்தம். ஒத்துழைக்காத காலை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"சார், அது என் கால் சார்!" என்றார் மாஸ்டர். "பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போறேன் சார். இப்பவே போனா காப்பாத்துவாங்க."

"பாதி ஆராய்ச்சியில எப்படிப் போக முடியும்? அடுத்த வாரம் ஆண்டு விழா. விழா நாயகர் நீங்கதான். அழைப்பிதழ் அடிச்சாச்சு. உங்க படம் வலி நீங்கின அன்னைக்கே எடுத்தாச்சு இல்ல? அதுக்குள்ள நீங்கிடும். இலை பார்த்துக்கும். இல்லைன்னா மேடைக்குப் பின்னால வண்டி நிக்கும்." இயக்குநர் எழுந்து வந்து மாஸ்டரின் தோளைத் தட்டினார். "பயப்படாதீங்க. இதுவரைக்கும் யாருமே தோத்ததில்ல."

மாஸ்டர் வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் போலிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் மனுஷன் செய்கிற மடத்தனத்துக்கு அளவே இல்லை. பயந்தவன் ஓடுவான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் பயந்தவன் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறான். லாரி நேரே வரும்போது கற்றுக்கொள்பவர்கள் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதை அவரே எத்தனை முறை பார்த்திருக்கிறார், எத்தனை முறை திட்டியிருக்கிறார்!

விழா நாளன்று பந்தல் போட்டிருந்தார்கள். மேடை நடுவில் உயர்ந்த நாற்காலி இலைக்கு. பக்கத்தில் மடக்கு நாற்காலி மாஸ்டருக்கு. மேடைக்குப் பின்னால் வண்டி நின்றது. அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். மாஸ்டருக்குக் காலையிலிருந்தே குளிர் காய்ச்சல். பல் கிட்டித்தது. முன்வரிசையில் மைத்துனன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மனைவி பக்கவாட்டில் நின்று அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை யாருக்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர், உள்ளதைச் சொல்லிவிட்டார்.

மைக்கில் இயக்குநர் இலையின் பொறுமையைப் புகழ்ந்துகொண்டிருந்தார். மனைவி விறுவிறுவென்று மேடை ஏறினாள். குனிந்து கணவனின் காலைத் தூக்கினாள். பெருவிரல் கறுத்திருந்தது.

"எழுந்திரிங்க."

"விழா முடிஞ்சதும்..."

"விழா கெடக்குது! காலைப் பாருங்க. முகத்தைத் திருப்பாதீங்க. உங்க கால்தானே? நீங்களே பார்க்கலைன்னா வேற யாருங்க பார்ப்பாங்க?"

மாஸ்டர் பார்த்தார். முதல் முறையாகத் தன் புண்ணை நேருக்கு நேர் பார்த்தார். ஐயோ என்று வாய்விட்டு அலறினார். அலறியதும் கொஞ்சம் தைரியம் வந்தது. விசித்திரம்தான், ஆனால் அப்படித்தான் ஆனது.

மனைவி கடைப்பையிலிருந்து அவருடைய செருப்பை எடுத்தாள். மேடையிலேயே, இலைக்கு எதிரிலேயே, அவர் காலில் மாட்டினாள்.

"செருப்பு!" என்று யாரோ கத்தினார்கள். "மேடையில செருப்பு! இலைக்குப் பக்கத்துல செருப்பு!"

அதற்குமேல் நடந்ததை விவரிப்பது கஷ்டம். மூன்று துறைத் தலைவர்களும் முதல் முறையாக ஒற்றுமையாகி இலையின் மேல் குப்புற விழுந்து மறைத்தார்கள். கட்டுப் போடும் அம்மாக்கள் செடிகளைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். குடைக்காரர் குடையை விரித்தார். இலையை உட்கார வைத்த சக்கர நாற்காலி பத்துப் பேர் காவலோடு குளிர் அறைக்குப் பறந்தது. இத்தனை களேபரத்தில் காய்ச்சலில் நடுங்கும் ஒரு மனிதனைத் தடுக்க யாருக்கும் கை ஒழியவில்லை. மனைவியின் தோளில் தொங்கியபடி மாஸ்டர் கூழாங்கல் பாதையில் இறங்கினார். "மாமா, எங்க போறீங்க, சால்வை போடப் போறாங்க!" என்று மைத்துனன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"வாயை மூடிட்டு இன்னொரு பக்கம் பிடிடா" என்றாள் அக்கா. அவன் பிடித்தான்.

கேட்டைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் தழுதழுத்தது. "யாரும் பதற வேண்டாம். இலை பத்திரம். இன்னொரு மகிழ்ச்சியான செய்தி. நம் விழா நாயகர் இப்பதான் கேட்டைத் தாண்டிப் போனதா காவலாளி தகவல் கொடுத்திருக்கார். நிலையம் முழுக்கத் தேடிப் பார்த்தாச்சு. அந்தப் புண் இப்ப இங்க எங்கயும் இல்ல. அன்பர்களே, நீங்கியது!"

கைதட்டல் தெருமுனைவரை கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கடுகடுவென்று இருந்தார். தலைமுடி கலைந்திருந்தது. சால்வை எதுவும் இல்லை. காலைப் பிடித்து, விளக்கை இழுத்து வைத்து, குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டார். "தெரியுதா? இங்க? இங்க?"

"தெரியல. தெரியல. அங்கயும் தெரியலம்மா."

"என்ன போட்டாங்க இதுல?"

"இலை."

"என்ன இலை?"

"அது யாருக்கும் தெரியாதாம்."

டாக்டரம்மா நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். "இலை நல்லதாக்கூட இருந்திருக்கலாம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்க ஒருத்தராவது தினமும் கட்டைப் பிரிச்சுப் புண்ணைப் பார்த்திருந்தா அதுவாவது தெரிஞ்சிருக்கும்."

மாஸ்டரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "வெட்டுவீங்களாம்மா?"

"விரல் போயிடும். அதுல மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அழுகின சதையையும் எடுக்கணும்."

"கால்?"

"காப்பாத்தப் பார்க்கிறேன்."

"ஆறுமா?"

"தெரியல" என்றார் டாக்டரம்மா. "ஆறலாம். ஆறாமலும் போகலாம். தினமும் பார்க்கணும்."

மாஸ்டர் விம்மி அழுதார். மனைவி பயந்துபோய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கே ஏன் என்று புரியவில்லை. இத்தனை நாளும் எல்லோரும் அவரிடம் நூற்றுக்கு நூறு என்றார்கள், பயப்படாதே என்றார்கள். தெரியாது என்று ஒருவர் சொல்லக் கேட்டதும் உள்ளே கட்டிவைத்திருந்தது எல்லாம் அவிழ்ந்து கொட்டியது.

"பயமா இருக்கும்மா."

டாக்டரம்மா கையுறையை மாற்றிக்கொண்டார். விளக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்தார்.

"எனக்கும்தான் பயமா இருக்கு" என்றார். "காலை ஆட்டாதீங்க. பார்க்கணும்."